வெளுத்துப்போன அனிமோனை ‘வெள்ளை ரகம்’ என்று விற்றது குறித்த புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி செட், பபிள் டிப் அனிமோன், கோமாளி மீன் ஜோடி ஆகியவற்றுக்கான முழுத் தொகையைத் திருப்பிக் கேட்பது.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ஆள் வந்து பொருத்திய தொட்டியில், உங்கள் ஆளே கொண்டுவந்து விட்ட அனிமோன் (பூப்போல விரியும் கடல் உயிரினம்) செத்துவிட்டது. அதோடு கோமாளி மீன் இரண்டும் போயின. கடையில் கேட்டால் கஸ்டமர் கேருக்குப் போன் போடச் சொல்கிறார்கள். கஸ்டமர் கேர் டெக்னீஷியனைக் கை காட்டுகிறது. டெக்னீஷியன் போனையே எடுப்பதில்லை. அலைந்து அலுத்துத்தான் எழுத்தில் தருகிறேன்.

பில்லில் ‘பபிள் டிப் – வெள்ளை’ என்று போட்டு, பழுப்பு நிற அனிமோனைவிடக் கூடுதல் விலை வாங்கியிருக்கிறீர்கள். அது ரகமில்லை, நோய். உடம்பில் இருக்க வேண்டிய ஸூசாந்தெல்லே பாசி வெளியேறிவிட்டதால் வெளுத்துப்போன அனிமோன் அது. வெளிச்சத்தில் அந்தப் பாசி தயாரித்துக் கொடுக்கும் சாப்பாட்டில்தான் அனிமோன் பெரும்பாலும் பிழைக்கிறது. அது போய்விட்டால் பட்டினி. பட்டாணி அளவு இறால் துண்டை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை கொடுத்து, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மாதக்கணக்கில் தேற்ற வேண்டும். உங்கள் ஆள் சொன்ன ஒரே பராமரிப்பு: “லைட்ட ஃபுல்லா வைங்க.”

தொட்டி வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அனிமோன் விட 6 மாதமாவது ஆன தொட்டி வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்குத் தெரியாதா? அம்மோனியாவும் நைட்ரைட்டும் 0 ஆனால் மட்டும் போதாது. உப்பு, காரத்தன்மை, வெப்பம் மூன்றும் ஆடாமல் நிற்கப் பழக வேண்டும். உங்கள் டெக்னீஷியன் பிஎச் ஸ்ட்ரிப்பை முக்கிப் பார்த்து, உப்பின் அளவை முள்ளால் காட்டும் ஹைட்ரோமீட்டரில் 1.025 என்று காட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த பிளாஸ்டிக் முள்ளில் ஒட்டியிருந்த காற்றுக்குமிழியை அவர் தட்டிக்கூட விடவில்லை. குமிழி முள்ளைத் தூக்கும், அளவு கூடுதலாகக் காட்டும். 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு) கரைசலில் சரிசெய்த ரிஃப்ராக்டோமீட்டரில், அதாவது ஒளி விலகலை வைத்து உப்பை அளக்கும் கருவியில், அதே தண்ணீர் 1.019தான்.

எதைப் பொறுத்தாலும் மாலை ஷிப்டில் போன் எடுத்த அந்த ஊழியரின் பேச்சைப் பொறுக்க முடியவில்லை. அனிமோனின் வாய் பிளந்து கிடக்கிறது, அதன் உணர்கொம்புகள் விரலில் ஒட்டவே இல்லை என்று சொன்னால், “சார், அது பூ மாதிரி. சுருங்கும், விரியும். பூவுக்கெல்லாம் கம்ப்ளெயின்ட் எடுத்தா நாங்க கடைய மூட வேண்டியதுதான்” என்கிறார். உப்பு குறைவாக இருக்கிறதே என்றதற்கு, “ஒரு பிடி உப்ப நேரா தொட்டில போடுங்க” என்றார். கரையாத உப்பு மேலே விழுந்தால் அனிமோனின் சதை வெந்துபோகும். ஆர்ஓ தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பைத் தனி வாளியில் கரைத்து, மோட்டார் ஓடவிட்டு, அடுத்த நாள் தொட்டி வெப்பத்துக்குக் கொண்டுவந்து, 10 சதவீதமாக மாற்ற வேண்டும். இதை வாங்கியவன் உங்கள் ஊழியருக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். தயவுசெய்து ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

வேவ்மேக்கர் (தொட்டியில் நீரோட்டம் உண்டாக்கும் மோட்டார்) விஷயத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். இடம் பிடிக்காவிட்டால் அனிமோன் நகரும் என்பது யாவரும் அறிந்தது. அப்படியிருக்க, தண்ணீர் இழுக்கும் வாயில் ஸ்பாஞ்ச் உறை இல்லாமல் எப்படிப் பொருத்தினீர்கள்? பாறையை விட்டு நகர்ந்தது, நேராக அதில் போய்ச் சிக்கியது. பாதி உடம்பு நார் நாராகிவிட்டது. மீதி விடிவதற்குள் அழுகிக் கரைந்தது. 60 லிட்டரில் அவ்வளவு சதை அழுகினால் அம்மோனியா எகிறும். கடல்நீரின் பிஎச் 8க்கு மேல் என்பதால் அதன் விஷமும் அதிகம். மீன்கள் செத்தது அதனால்தான். “தீனி ஜாஸ்தியாப் போட்டிருப்பீங்க” என்பது கட்டுக்கதை.

இன்னொன்று. அனிமோன் இல்லாவிட்டால் கோமாளி மீன் செத்துவிடும் என்று சொல்லித்தான் உங்கள் விற்பனையாளர் இதைத் தலையில் கட்டினார். நீங்கள் விற்ற கோமாளி மீன் இனமான ஆசெல்லாரிஸ் பண்ணையில் பிறந்ததென்றால், அதற்கு அனிமோன் தேவையே இல்லை. கடலில்கூட அது பபிள் டிப்பில் குடியிருக்கும் இனமல்ல.

தொட்டி, லைவ் ராக் (நுண்ணுயிர்கள் வாழும் கடல்பாறை), உயிர்கள், வீணான உப்பு, வீடெல்லாம் அடித்த நாற்றம், மன உளைச்சல் எல்லாம் சேர்த்தால் என் நஷ்டம் லட்சத்தைத் தாண்டும். இருந்தாலும் பில் தொகையை மட்டும்தான் கேட்கிறேன். ‘உயிருள்ளவற்றுக்கு வாரண்டி கிடையாது’ என்று பில்லின் பின்பக்கத்தைக் காட்ட வேண்டாம். நோயாளியை ரகம் என்று விற்பதற்கு அந்த வரி பாதுகாப்பு தராது.

உங்கள் நிறுவனத்தின்மேல் எனக்குப் பகை எதுவும் இல்லை. 15 நாளுக்குள் பணம் வந்தால் இதோடு விட்டுவிடுகிறேன். வராவிட்டால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமும் இல்லை. பில், வெளுத்த அனிமோனின் படங்கள், ரிஃப்ராக்டோமீட்டர் அளவு எல்லாம் கைவசம் இருக்கின்றன.

அதுவரை, விற்கிற ஒவ்வொரு வேவ்மேக்கரோடும் ஒரு ஸ்பாஞ்ச் உறையாவது கொடுத்தனுப்புங்கள். பதிலை எழுத்தில் அனுப்பவும். அந்த மாலை ஷிப்ட் ஊழியரை விட்டு எனக்குப் போன் செய்ய வைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்