செயலாளர் ஆண்டறிக்கை: ராக் இசை கேட்போர் சங்கம், தக்கலை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் அண்ணன்மார் தம்பிமார்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வந்து சேரும். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகாமல் ஒருமுறை படித்தும் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் இரண்டாம் ஞாயிறு மாலையில் நடந்தன. ஜூனில் மழையால் பாதியில் கலைந்தோம். டிசம்பரில் கூட்டம் இல்லை. நம்மில் கிட்டார் பிடிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேரல் ரவுண்டில் இருந்தார்கள்.

டீப் பர்ப்பிளின் மெஷின் ஹெட் (1972) கேட்ட அன்று, 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டில் திரும்பத் திரும்ப வரும் ரிஃப்பை அவர்களின் கிட்டார்க்காரர் பிளாக்மோர் பிக் எனும் சில்லை வைத்து அடிப்பதில்லை, இரண்டு கம்பியையும் விரலால் சேர்த்துச் சுண்டுகிறார் என்று மார்த்தாண்டம் உறுப்பினர் வாசித்துக் காட்டினார். காலேஜ் நாளிலிருந்து பிக்கால் அடித்துவந்த சிலர் அதற்கப்புறம் அன்று வாயே திறக்கவில்லை. டயர் ஸ்ட்ரெய்ட்ஸின் முதல் ஆல்பம் (1978) நன்றாகப் போனது. பிங்க் ஃபிளாய்டின் விஷ் யூ வேர் ஹியர் (1975) கூட்டத்தில் தொடக்கப் பாட்டில் கிட்டார்க்காரர் கில்மர் வாசிக்கும் அந்த நான்கு சுரத்தைத் தாண்டி யாரும் நகரவில்லை. டோன், அதாவது கிட்டாரின் நாதம், விரலில் இருக்கிறதா காலால் மிதிக்கும் பெடலில் இருக்கிறதா என்று தொடங்கிய வழக்கு பரோட்டா கடை வரை நீண்டு, இன்னும் தீரவில்லை.

பிளாக் சபாத்தின் மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி (1971) பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தக் குழுவின் கிட்டார்க்காரர் டோனி அயோமிக்கு இரும்புத் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. அவர் இடக்கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டிய கையே அதுதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்துகொண்டார். கம்பி தளர்ந்தால் அழுத்துவது எளிது என்று பிற்பாடு சுருதியையும் இறக்கினார். இந்த ஆல்பத்தில் சில பாடல்கள் மூன்று அரைச்சுரம் கீழே இருக்கின்றன. இன்று உலகமெல்லாம் ஹெவி மெட்டல் இசைக்காரர்கள் தேடும் கனம் அப்படி வந்ததுதான். இதைக் கேட்டுக்கொண்டிருந்த குலசேகரம் உறுப்பினருக்கு ரப்பர் ஷீட் அடிக்கும் ரோலரில் இரண்டு விரல் நசுங்கியது உங்களுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் அவர் நம் கூட்டத்தில் முதல்முறையாகக் கிட்டாரை மடியில் வாங்கி வைத்துக்கொண்டார். வேறொன்றும் சொல்லவில்லை. இந்த ஆண்டுச் சந்தாவை ஏப்ரலிலேயே முழுசாகக் கட்டியவரும் அவரே.

இனி கிட்டார் விஷயம். பழைய பலாமர வாசல் நிலையில் சங்கத்துக்காக நாம் செய்த எலக்ட்ரிக் கிட்டாரை, பலாவுக்கு நம் பக்கத்துப் பேர் சக்கை என்பதால், 'சக்கைக் கிட்டார்' என்று கிண்டல் செய்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குயீன் குழுவின் பிரையன் மே 1963இல் தன் அப்பாவோடு சேர்ந்து கிட்டார் செய்யத் தொடங்கினார். விரல் ஓடும் கழுத்தான நெக்குக்கு மரம் பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து வந்தது. நெக்கின் குறுக்கே பதித்த ஃபிரெட் பட்டைகளின் நடுவே வைக்கும் புள்ளிகள் அம்மாவின் சிப்பிப் பொத்தான்கள். அதே கிட்டாரைத்தான் அவர் இன்றும் வாசிக்கிறார். லண்டனில் அடுப்புச் சட்டம் கிட்டாராகலாம், தக்கலையில் வாசல் நிலை ஆகக்கூடாதா? தஞ்சாவூர் வீணையே பலாமரம்தான். பத்மநாபபுரம் அரண்மனைத் தாய்க் கொட்டாரத்தில் ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூணை நாம் எல்லாரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளாகவே வரிசையில் நின்று பார்த்திருக்கிறோம். இவ்வளவு இருந்தும், பலா எடுபடாது, பாடம் பண்ணிய வெளிநாட்டு மரம் வேண்டும் என்று பொதுக்குழுவிலேயே பேசினார்கள்.

இடித்த வீட்டு நிலை ஒன்று கிடைத்தது. தலைமுறைக் கணக்கில் காய்ந்த மரம், இனி வளையாது, சுருங்காது. ஆசாரி அதை இழைத்தபோது மேலே கருத்திருந்த தோல் போய் உள்ளே மஞ்சளாகத் தெரிந்தது. கம்பியின் அதிர்வைக் கரண்டாக மாற்றும் பிக்கப்புக்குக் குழி தோண்டும்போது மரத்துக்குள் பழைய ஆணி ஒன்று மறைந்திருந்து மரம் குடையும் ரவுட்டர் மெஷினின் பிட்டை ஒடித்தது. அந்தச் செலவையும் என் கணக்கில் எழுதப் பார்த்தவர்கள் உண்டு. நெக் மட்டும் ரெடிமேடாக வாங்கினோம். கம்பி வந்து முடியும் பிரிட்ஜ் எங்கே உட்கார வேண்டும் என்பதற்காக ஃபிரெட் கணக்கைச் சொன்னதும் ஆசாரி பிடித்துக்கொண்டார்: கம்பியின் நீளத்தை 17.817ஆல் வகுத்தால் முதல் ஃபிரெட், மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்தது, பன்னிரண்டாவது சரியாகப் பாதியில் வந்து நிற்கும். நம் கிட்டார் 25.5 அங்குலம். நெக்கின் தலைமாட்டில் கம்பி தாங்கும் நட்டிலிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு 12.75, அங்கிருந்து பிரிட்ஜுக்கு இன்னொரு 12.75. ஆசாரி சுண்ணாம்பு நூலைப் பிடித்துத் தெறித்து ஒரே கோட்டில் பிரிட்ஜை உட்கார வைத்தார். பிரிட்ஜில் தடித்த கம்பிகளைத் தாங்கும் சேடிலை மட்டும் ஒரு மயிரிழை பின்னால் தள்ளச் சொன்னேன். சுருதி நிற்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் டியூனரோடு வரலாம்.

இரைச்சல் வருகிறது என்று பொருளாளர் எழுத்திலேயே புகார் தந்திருக்கிறார். ஒற்றைக் கம்பிச்சுருள் உள்ள சிங்கிள் காயில் பிக்கப் கரண்ட் லைனின் 50 ஹெர்ட்ஸ் முனகலை இழுக்கும், அது அதன் குணம். ஹம்பக்கர் வகைப் பிக்கப்பில் இரண்டு காயில் எதிரெதிராக இருப்பதால் அந்த முனகல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் ஹம்பக்கருக்குப் பணம் எங்கே இருந்தது? தவிர, நம் மாடி அறையின் பிளக் பாயிண்டில் எர்த் இல்லை. கம்பியில் கை வைத்தால் இரைச்சல் அடங்குகிறது, எடுத்தால் எழும்புகிறது. இதை நான் எல்லார் முன்னாலும் செய்து காட்டினேன். அப்படியென்றால் பிழை மரத்திலா, ஆசாரியிடமா, செயலாளரிடமா? நியாயமாக யோசித்துப் பாருங்கள்.

கிட்டார் ஏன் என் வீட்டில் இருக்கிறது என்றும் கேட்டார்கள். மாடி அறை ஒழுகுகிறது. குளச்சல் உறுப்பினர் வைத்துக்கொள்வதாகச் சொன்னார், அவர் மனசு பெரிசு, ஆனால் அங்கே உப்புக்காற்றில் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும். வேறு வழியில்லாமல் என் வீட்டில் இருக்கிறது. அது சங்கத்தின் சொத்து என்பதில் எனக்கு ஒருநாளும் மாற்றுக்கருத்து இல்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டிவிட்டன. கிட்டார் கணக்கு தனி நோட்டில் இருக்கிறது, விரும்புவோர் பார்க்கலாம். சந்தா பாதிக்கு மேல் நிலுவை. "நாளைக்கு ஜிபே பண்ணிருகேன் அண்ணே" என்று சொன்னவர்களின் பெயரை நான் வாசிக்கப் போவதில்லை. அதில் ஒருவர் இதே ஆண்டில் வெளிநாட்டு ஃபஸ் பெடல் வாங்கி குரூப்பில் படம் போட்டார் என்பதை மட்டும் சொல்லி நிறுத்துகிறேன். தேநீரும் ஏத்தங்காய் சிப்ஸும் உள்ள நாளில் நாற்காலி பற்றாமல் போவதும், மற்ற நாளில் தலைவரும் நானும் இரண்டு ஸ்பீக்கரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பதும் எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

அறை தந்த கட்டட உரிமையாளருக்கும், ரெக்கார்டு பிளேயரை இரவல் தந்த கருங்கல் உறுப்பினருக்கும், கூலி குறைத்த ஆசாரிக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்ட கீழ்வீட்டு அம்மாவுக்கும் நன்றி.

வரும் ஆண்டில் பிளக் பாயிண்டுக்கு எர்த் போட வேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று செய்யும் எண்ணமும் இருக்கிறது. அதைப் பற்றி இப்போது பேசி யாரையும் பயமுறுத்தவில்லை. செயலாளர் பொறுப்பு எனக்குத்தான் வேண்டும் என்று நான் எங்கும் சொன்னதில்லை. வேறு யாராவது முன்வந்தால் சாவி, நோட்டு, கிட்டார் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒப்படைத்துவிடுவேன். மழைக்காலத்தில் கிட்டாரை எடுத்துப்போக கேஸ் ஒன்று வேண்டும், அது இன்னும் வாங்கவில்லை. பணம் நிலுவைச் சந்தாவில் இருக்கிறது. பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசல் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். தேநீர் அதற்கப்புறம்.