மசக்கைதானே என்று சொல்லி அனுப்பாதீர்கள்

மகப்பேறு மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளை நடத்துவோருக்கும் வணக்கம்.

வாந்தியில் துவண்டு வரும் கர்ப்பிணிக்குக் குளுக்கோஸ் ஏற்றுவது உங்களுக்கு அன்றாட வேலை. அந்தப் பாட்டிலைத் தொங்கவிடும் முன் தயமின், அதாவது வைட்டமின் பி1 ஊசியைப் போடுங்கள். நான் கேட்க வந்தது அவ்வளவுதான்.

என் தங்கைக்கு ஐந்தாவது வாரத்தில் வாந்தி தொடங்கியது. பதினோராவது வாரத்தில் 52 கிலோ 45 ஆகியிருந்தது. உலை கொதிக்கும் வாடையே அவளுக்கு ஆகாது என்று அம்மா பக்கத்து வீட்டு அடுப்பில் சோறு வடித்தார். கடைசி நாட்களில் சொந்த எச்சிலைக்கூட விழுங்க முடியாமல், தலைமாட்டில் வைத்த சொம்பில் துப்பிக்கொண்டே கிடந்தாள். கால் மணிக்கு ஒருமுறை ஒரு தேக்கரண்டித் தண்ணீர் கொடுப்பேன். அது வெளியே வராவிட்டால் எங்களுக்கு அன்று நல்ல நாள்.

மூன்று முறை மருத்துவமனைக்குப் போனோம். மூன்று முறையும் குளுக்கோஸ் ஏற்றி, "மசக்கைதானே, மூன்று மாதம் போனால் சரியாகிவிடும்" என்று அனுப்பினார்கள். ஒருமுறைகூட எடை பார்க்கவில்லை. நான்காம் முறை போகும்போது அவள் கண்மணிகள் நில்லாமல் ஆடின. கால்கள் தள்ளாடின. என்னை "அம்மா" என்று கூப்பிட்டாள். அன்று பணியிலிருந்த வேறொரு மருத்துவர்தான் தயமின் குறைவால் வரும் வெர்னிக்கி மூளை பாதிப்பு என்று கண்டுகொண்டு ஊசியைத் தொடங்கினார். தங்கை பிழைத்தாள். குழந்தை தங்கவில்லை.

உடலில் தயமின் இருப்பு இரண்டு, மூன்று வாரங்களுக்குத்தான் வரும் என்பதும், குளுக்கோஸைப் பயன்படுத்த உடலுக்கு அது வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். இருப்பு வற்றிய உடலில் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால் மிச்சமிருந்ததும் போய்விடாதா? "தாய் சாப்பிடாவிட்டாலும் குழந்தை தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும்" என்று எங்களைத் தேற்றினீர்கள். தாயிடமே இல்லாததை எங்கிருந்து எடுக்கும்? வாந்தி நீடித்து, ரத்தம் உறைய வேண்டிய வைட்டமின் கே குறைந்து, வயிற்றிலேயே மூளையில் ரத்தம் கசிந்த சிசுக்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அரிதுதான். அந்த அரிதானது எங்கள் வீட்டுக்கும் வந்துவிடுமோ என்று ஒருவராவது யோசித்திருக்க வேண்டாமா?

"பிள்ளை வேண்டாம் என்று மனதில் இருக்கிறதா?" என்றுகூட வார்டில் ஒருவர் அவளைக் கேட்டார். மூன்று ஆண்டுகள் ஏங்கிச் சுமந்தவளிடம் கேட்கும் கேள்வியா அது? சிசுவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனுக்கு இந்த வாந்தியில் பெரும் பங்கு உண்டு என்று 2023இல் ஆய்வு வெளிவந்துவிட்டது. பெண் வலிக்கிறது என்றால் நடிப்பு, வாந்தி என்றால் மனக்கோளாறு. இன்னும் எத்தனை காலம்?

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து ஒவ்வொரு முறையும் எடை பாருங்கள். கருத்தரிக்கும் முன்பிருந்த எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அதை மசக்கை என்று விட்டுவிடாதீர்கள். முதலில் தயமின், பிறகு குளுக்கோஸ். பாட்டில் மாட்டும் கம்பியிலேயே இதை எழுதி ஒட்டிவையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் அக்கா