மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள், அப்பா?

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவும் நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் சொன்னதும் கத்திவிட்டேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது மனதை அரிக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவரை வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். தெற்கு வேல்ஸின் இந்தப் பள்ளத்தாக்கில் வீடுகள் மலைச்சரிவில் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும். அவர் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர். இதயம் பலவீனம். கால் வீக்கத்தை விரலால் அழுத்தினேன். குழி அப்படியே நின்றது. பிஸ்கட் டப்பாவைத் திறந்து காட்டினார். நீர் பிரிவதற்கான மாத்திரை அட்டைகள் பிரிக்காமலே அடுக்கியிருந்தன. வேல்ஸில் 2007 முதல் மருந்துச் சீட்டுக்குக் காசு கிடையாது, ஆகவே பணம் காரணமில்லை. "ஏன்?" என்றேன். மாடிப்படியைக் காட்டினார். கழிப்பறை மேலே இருக்கிறது. மாத்திரை போட்டால் மதியத்துக்குள் நான்கைந்து முறை ஏறவேண்டும், முழங்கால் விடாது. கட்டிலருகே வைக்கும் கழிப்பறை நாற்காலிக்கு அன்றே ஏற்பாடு செய்தேன். கிளினிக்கில் ஒருவருக்குப் பத்து நிமிடம்தான். அங்கே பார்த்திருந்தால் மாத்திரையின் அளவைக் கூட்டி அனுப்பியிருப்பேன்.

திரும்பும் வழியெல்லாம் ஆயாவின் நினைவு. முதுகு வளைந்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் எத்தனை வருடம் கிடந்தார்! மூட்டுவாதம் என்று சொல்லி ஊசி மேல் ஊசி போட்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா மட்டும்தான், பக்கத்தில் நின்ற என் பல்லில் இருந்த பழுப்புக் கறையைப் பார்த்துவிட்டு, "வீட்டில் எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்?" என்று கேட்டார். நம் போர் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடு ஆயாவின் எலும்பையே இறுக்கிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆயாவை நிமிர்த்த அவராலும் முடியவில்லை. ஆனால் அந்த ஒரு கேள்வியால்தான் நான் டாக்டருக்குப் படித்தேன்.

ஸ்பெஷலிஸ்ட் ஆகாமல் ஏன் சாதாரண டாக்டர் என்று சித்தப்பா இன்னும் கேட்கிறாராம். இங்கே குடும்ப மருத்துவத்துக்கென்றே மூன்றாண்டுப் பயிற்சி உண்டு என்று அவரிடம் சொல்லுங்கள். இதே தெற்கு வேல்ஸில் கிளின்கோருக் என்ற சுரங்க ஊரில் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற குடும்ப மருத்துவர் இருந்தார். நோயாளிகள் தேடி வரட்டும் என்று காத்திராமல், ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் தாமே ரத்த அழுத்தம் பார்த்தார். நல்ல வைத்தியம் யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கே குறைவாகக் கிடைக்கிறது என்று 1971இல் எழுதியவரும் அவர்தான். 2021இல் நம் கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில், வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது.

இப்போது கேட்கிறேன் அப்பா, ஏன் நிறுத்தினீர்கள்? கணுக்கால் வீங்கியதா? அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு அப்படி ஆவதுண்டு. டாக்டர் வேறு மாத்திரை மாற்றித் தருவார். தலைசுற்றலா? வயலுக்குப் போகும் அவசரத்தில் மறந்துபோகிறதா? எதுவானாலும் மாத்திரை கொண்டுவரும் அக்காவிடம் சொல்லுங்கள். குழாயில் ஒகேனக்கல் குடிநீர் வராத நாளிலும் போர் தண்ணீரைக் குடிக்க வேண்டாம்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூப்பிடுகிறேன். மாத்திரை அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த முறை நீங்கள் பேசுங்கள், நான் கேட்கிறேன்.

உங்கள் அன்பு மகள்