செல்லாக்காசும் அல்ல, புதையலும் அல்ல: இடங்களின் நினைவு நாணயங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் "இது செல்லாதுங்க" என்று திருப்பித் தரும் கடைகள் இன்னும் இருக்கின்றன. அதே தெருவில், வைஷ்ணவ தேவி உருவம் பதித்த 2012ஆம் ஆண்டு ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களுக்கு லட்சக்கணக்கில் பணம் தருவதாக வரும் வாட்ஸ்அப் செய்தியை நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு நம்பிக்கையுமே பொய். புழக்கத்துக்கு வந்த நினைவு நாணயங்களை, அதிலும் கோயில், நாடாளுமன்றம், வனம் போன்ற இடங்களைத் தாங்கி வருபவற்றைச் சேர்க்க விரும்பும் மாணவர்களுக்கு இந்த இரண்டும்தான் பெரிய இடைஞ்சல்.

முதலில் சட்ட நிலை. பத்து ரூபாயில் அதுவரை 14 வடிவங்கள் வந்துள்ளன, அனைத்தும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே விளக்கிவிட்டது. பதிவுக் குரலில் கேட்க 14440 என்ற எண்ணையும் அறிவித்தது. மேல்பகுதியில் 15 கோடுகள் இருந்தாலும் 10 கோடுகள் இருந்தாலும், ரூபாய்க் குறியீடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாணயம் நல்ல நாணயமே. 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களை ஒரே தடவையில் ஆயிரம் ரூபாய் வரை கொடுக்கலாம். கடைகள் மறுப்பதால் நாணயங்கள் வீட்டு டப்பாக்களில் முடங்குகின்றன. தேடுபவர் கைக்கு எதுவும் வருவதில்லை.

தேடத் தொடங்குகிறவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டையொட்டி 2010இல் வந்த ஐந்து ரூபாயிலிருந்து தொடங்கலாம். நிக்கல் பித்தளை, 23 மி.மீ. விட்டம், 6 கிராம் எடை. அடுத்து நாடாளுமன்றத்தின் 60ஆம் ஆண்டுக்காக 2012இல் வெளியானவை. ஆண்டு எண்ணுக்குக் கீழே உள்ள சிறு குறியைப் பார்க்காமல் எந்த நாணயத்தையும் கீழே வைக்காதீர்கள். எந்த ஊர் நாணயச்சாலையில் அச்சானது என்பதை அது சொல்லும்: வைர வடிவம் மும்பை, ஐந்துமுனை நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, குறியே இல்லையென்றால் கொல்கத்தா. ஒரே வடிவம் இரண்டு மூன்று நாணயச்சாலைகளில் அச்சாகும்போது, ஒரு நாணயச்சாலையின் நாணயம் மலிவாகவும் இன்னொன்று அரிதாகவும் இருக்கும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதும். வைரமும் வட்டமும் தேய்ந்த நாணயத்தில் ஒன்றுபோலத் தெரியும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர்களிடம் சாக்லேட்டுக்குப் பதிலாகக் கால் டாலர் சில்லறை கேட்கலாம். 2010 முதல் 2021 வரை தேசியப் பூங்காக்களையும் வரலாற்றுத் தலங்களையும் வைத்து அந்நாட்டு அரசு 56 கால் டாலர்களை வெளியிட்டது. முதல் ஆண்டிலேயே ஹாட் ஸ்பிரிங்ஸ், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன், மவுண்ட் ஹூட் ஐந்தும் வந்துவிட்டன. வாஷிங்டன் தலையின் வலப்பக்கம், கூந்தல் முடிச்சுக்கு அருகே ஓர் எழுத்து இருக்கும். பி என்றால் பிலடெல்பியா, டி என்றால் டென்வர். 2019, 2020 ஆண்டுகளில் வெஸ்ட் பாயின்ட்டில் அச்சாகி டபிள்யூ எழுத்துடன் சில்லறையில் கலந்துவிடப்பட்டவை ஒவ்வொரு வடிவத்துக்கும் 20 லட்சம் மட்டுமே. அதைத்தான் முதலில் தேட வேண்டும். சாதாரண நாணயம் 5.67 கிராம், விளிம்பில் செம்பு நிறக் கோடு தெரியும். கோடு இல்லாமல் 6.25 அல்லது 6.34 கிராம் இருந்தால் அது எஸ் (சான் பிரான்சிஸ்கோ) எழுத்துள்ள வெள்ளி நாணயமாக இருக்கலாம். தங்க முலாம் பூசியது, வண்ணம் தீட்டியது என்று விலை கூட்டி விற்பவையெல்லாம் தனியார் வேலை. அரசு அப்படி அச்சிடவில்லை.

சில்லறையில் வராத நாணயங்களும் உண்டு. புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்காக 2023இல் வந்த 75 ரூபாய் நாணயம் 44 மி.மீ., 35 கிராம். அதில் வெள்ளி 50 சதவீதம், செம்பு 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. அதாவது வெள்ளி 17.5 கிராம். முகமதிப்பு 75 என்றாலும் நாணயச்சாலை விற்கும் விலை அதைவிடப் பல மடங்கு என்பதில் மர்மம் எதுவுமில்லை. புலிகள் பாதுகாப்புத் திட்டத்தின் 50 ஆண்டு நிறைவுக்கு 2023இல் 50 ரூபாய் நாணயம் வந்தது. இவற்றை நாணயச்சாலைகளை நடத்தும் அரசு நிறுவனத்திடம் நேரடியாகப் பதிவு செய்து வாங்குவதே நல்லது. வெளியில் வாங்க நேர்ந்தால் மதுரையின் நகைக்கடைத் தெருவான தெற்காவணி மூல வீதியில் எடை போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வார்ப்பில் செய்த போலிகளில் எடை மாறும், எழுத்தின் விளிம்பு மழுங்கியிருக்கும், பரப்பில் ஊசித்துளைகள் தென்படும்.

இனி, சேகரிப்புகளில் பாதியைப் பாழாக்கும் விஷயம். நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளியும் விபூதியும் போட்டுத் தேய்க்கும் பழக்கம் நாணயத்துக்கும் வந்துவிடுகிறது. ஐந்து ரூபாயின் நிக்கல் பித்தளையில் செம்போடு துத்தநாகமும் இருக்கிறது. புளியின் அமிலம் துத்தநாகத்தை முதலில் அரித்தெடுக்கும். மிஞ்சுவது இளஞ்சிவப்புச் செம்புப் பரப்பு. பிறகு பொடியின் துகள்கள் மெல்லிய கீறல்களை இழுத்துவிடும். அச்சாகும்போது உலோகம் ஓடியதால் உண்டான இயற்கைப் பளபளப்பு, நாணயத்தைச் சாய்த்தால் சக்கரம்போலச் சுழலும். அது ஒருமுறை போனால் எந்த மருந்திலும் திரும்பாது. தேய்த்துப் பளிச்சென்று வைத்த நாணயத்தை விவரம் தெரிந்த எந்தச் சேகரிப்பாளரும் நல்ல விலைக்கு வாங்கமாட்டார்.

கோயில் உண்டியல் வழியாக வந்த காசில் எண்ணெயும் குங்குமமும் ஒட்டியிருக்கும். அதை பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, நீரை மாற்றி மறுபடி ஊறவைத்தாலே தளர்வான அழுக்கில் பெரும்பகுதி போய்விடும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதன் உப்பு வெள்ளைத் திட்டாகப் படியும். எண்ணெய்ப் பிசுக்கும் செலோடேப் பசையும் போகாவிட்டால் மட்டும் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும், அது உதவாது. கண்ணாடிக் கிண்ணத்தில் நாணயம் மூழ்கும் அளவு ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, காய்ச்சி வடித்த நீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். துடைக்கக் கூடாது. அசிட்டோன் சட்டென்று தீப்பற்றும். சமையலறையில் வேண்டாம், திறந்த மாடியில் பெரியவர் ஒருவர் முன்னிலையில் செய்யுங்கள். பச்சையாகப் பூத்த துருவை நகத்தால் சுரண்டினால் அடியில் குழி விழும். விட்டுவிடுங்கள்.

வைக்கும் இடமும் முக்கியம். மலிவு ஆல்பங்களின் மெத்தென்ற பிவிசி பைகள் நாளடைவில் சிதைந்து அமிலத்தை வெளிவிடும், நாணயத்தின்மேல் பச்சைப் பிசின் படியும். பைகளில் பாலிப்ரொப்பிலீன் அல்லது மைலார் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டு அங்குல அட்டைச் சட்டமும் நல்லதே, ஆனால் ஸ்டேப்ளர் பின்னைத் தட்டையாக அழுத்திவிடுங்கள். எடுக்கும்போது பின்னை முதலில் கழற்றாவிட்டால் அது நாணயத்தைக் கீறும். ரப்பர் பேண்டின் கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். பீரோவில் பட்டுப்புடவைக்குப் போடும் அந்துருண்டையின் ஆவி பாலிஸ்டைரீன் பெட்டிகளை இளக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம்மூர்க் காற்றில் ஈரம் ஏறும்போது, காற்றுப்புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். நிறம் மாறியதும் எடுத்து உலர்த்துங்கள். எப்போதும் விளிம்பைப் பிடித்தே எடுக்க வேண்டும். கண்ணாடிபோல மின்னும் பரப்புள்ள நாணயங்களில் விரல்ரேகை சில வாரங்களில் நிரந்தரக் கறையாகிவிடும்.

மோசடிக்கு வருகிறேன். பழைய நாணயம், நோட்டுகளை வாங்க விற்கத் தன் பெயரைச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ வரியோ கேட்பவர்களோடு தனக்குத் தொடர்பில்லை என்று 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எச்சரித்தது. விற்பவரிடமே பணம் கேட்கும் 'வாங்குபவர்' யாராக இருந்தாலும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நிதி அமைச்சகத்துக்கு ஒரு வேண்டுகோள். நமது மாநிலத்தில் கிண்டி, முதுமலை, முக்குர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா என ஐந்து தேசியப் பூங்காக்கள் உள்ளன. மதுரைக்கு அருகே ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021இல் புலிகள் காப்பகமானது. அமெரிக்கக் கால் டாலரைப் போல இவற்றுக்கும், நாட்டின் பிற பூங்காக்களுக்கும், ஆண்டுக்கு ஐந்து என்ற கணக்கில் ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்களைப் புழக்கத்தில் விட வேண்டும். வெள்ளி நாணயமாக மட்டும் வெளியிட்டால் வாங்க முடிந்தவர் சிலரே. பேருந்து நடத்துனர் தரும் சில்லறையில் மன்னார் வளைகுடாவின் கடற்பசு வந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளையும் சேர்க்கும். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதை அமைச்சகத்திடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
நாணயம் சேகரிக்கும் வாசகர் ஒருவர்,
மதுரை.