மாதிரிக் கார் கட்டுவோர் வட்டம், யாழ்ப்பாணம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், போசகர்களுக்கும், நிர்வாக சபையினருக்கும், வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் என் பணிவான வணக்கம். எமது வட்டத்தின் 2024ஆம் ஆண்டுக்கான செயற்பாடுகளைச் சபையின் முன் வைக்கிறேன்.

கடந்த பொதுக்கூட்டத்தின் பின்னர் நிர்வாக சபை ஒழுங்காகக் கூடியது. மாதாந்த வேலைமேசைச் சந்திப்புகள், நல்லூர்த் திருவிழாக் காலம் தவிர, வழமைபோல் நடைபெற்றன. பாடசாலை மாணவருக்கான அறிமுகப் பட்டறை சித்திரை விடுமுறையில் நடைபெற்றது. ஆண்டிறுதிக் காட்சி, நவம்பர் இறுதியில் பெய்த கடும் மழையினால் நடைபெறவில்லை.

இவ்வாண்டு எமது மூத்த அங்கத்தவர் ஒருவரை இழந்தோம். வாடகைக் கார்கள் திருத்தும் கராஜ் ஒன்றில் நெடுங்காலம் வேலை செய்தவர் அவர். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்குள் வராதிருந்த நாள்களில், ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் பால்மாப் பேணித் தகரத்தை வெட்டித் தன் பிள்ளைகளுக்கும் அயல் பிள்ளைகளுக்கும் கார் செய்து கொடுத்தார். தேய்ந்த செருப்பின் றப்பர் ரயராகவும் சைக்கிள் கம்பி அச்சாகவும் அமைந்தன. அதுவரை நுங்குக் கோம்பை வண்டில் உருட்டித் திரிந்த எம்மிற் பலர், கதவும் முன்மூடியான பொனற்றும் பிரித்துக் காட்டிய ஒரு காரை முதன்முதலில் கையில் எடுத்துப் பார்த்தது அவர் வீட்டு விறாந்தையில்தான். தகரத்தின் வெட்டு விளிம்பைச் சுத்தியலால் அடிக்காமல், மரக்கட்டையால் சிறிது சிறிதாக அழுத்தி உட்புறமாக மடிக்க வேண்டும் என்று அவர் சொல்வார். அப்படி மடித்தால் பிள்ளையின் விரல் வெட்டுப்படாது. அந்த மடிப்பே கூரையோரத்து மழைநீர்ப் பீலியாகவும் தோன்றும். அவருடைய சிறு அரங்களையும் பற்றாசுக் கோலையும் குடும்பத்தினர் வட்டத்துக்கே தந்திருக்கிறார்கள். அவற்றைப் பயன்படுத்துவோர் துடைத்து எண்ணெய் பூசி மீண்டும் பெட்டியில் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அவருடைய தூண்டுதலினால் ஆரம்பமான வேலையே இவ்வாண்டின் முதன்மையான செயற்பாடு. தடைக்காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய யாழ்ப்பாணத்து வாடகைக் காரான மொறிஸ் மைனர் என்ற பிரித்தானியச் சிறு கார் ஒன்றை, இயந்திரப் பகுதி உட்பட, 1/24 அளவில், அதாவது உண்மைக் காரின் இருபத்துநான்கில் ஒரு பங்கு நீளத்தில், முழுமையாகக் கட்டுவதென்று சென்ற பொதுக்கூட்டத்தில் நான் முன்மொழிந்து சபை ஏற்றுக்கொண்டது. இதற்கு வட்டத்தின் பணமும் நேரமும் அளவுக்கு மிஞ்சிச் செலவாகின்றன என்று அங்கத்தவர் சிலர் வெளியில் பேசிக்கொள்வதை அறிவேன். ஆகவே அதற்குரிய விளக்கத்தை எழுத்தில் பதிந்து வைப்பது என் கடமையாகிறது.

தமியா, றெவெல், ஏஎம்ரி போன்ற நிறுவனங்கள் பாகங்களாகப் பெட்டியில் அடைத்து விற்கும் கிற்றுகளை நாம் விரும்பிக் கட்டுகிறோம், தொடர்ந்தும் கட்டுவோம். எயார்பிக்ஸ் நிறுவனம் மொறிஸ் மைனரை 1/32 அளவில் வெளியிட்டதும் உண்டு. ஆனால் கூரையில் கரியரும், பொனற்றின் கீழே பெற்றோல் போத்தலும் கொண்ட எமது ஊர் மைனரை எந்த நிறுவனமும் பெட்டியில் அடைத்து அனுப்பப் போவதில்லை. அதை ஓட்டியவர்களும் திருத்தியவர்களும் எம்மிடையே இருக்கும்போதே செய்து முடிக்காவிட்டால், பின்னர் எவரைக் கேட்டுச் செய்வது?

1/24 அளவைத் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. இவ்வளவில் ஓர் அடி என்பது சரியாக அரை அங்குலம். அடிக்கோலில் பழகிய எமது மூத்தவர்களுக்குக் கணிப்பான் தேவைப்படவில்லை. மைனரின் நீளம் 148 அங்குலம். மாதிரியில் அது ஏறத்தாழ 157 மில்லிமீற்றர். சில்லுகளுக்கு இடையிலான 86 அங்குலம், 91 மில்லிமீற்றர் ஆகிறது. தேர் வேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த அங்கத்தவர் ஒருவர் வேப்பமரத்தில் உடலின் அச்சைச் செதுக்கித் தந்தார். சூடாக்கி இளக்கிய பிளாஸ்ரிக் தகட்டை அதன்மேல் இழுத்துப் படியவைத்துக் கூடு எடுத்தோம். பொனற்றின் நடுவே நெடுக ஓடும் தட்டையான பட்டியைச் செதுக்குப் பிழை என்று எண்ணி, இளைய அங்கத்தவர் ஒருவர் வோட்டர் பேப்பரினால் தேய்க்க முற்பட்டபோது, அதை நிறுத்திச் சொல்ல வேண்டியிருந்தது. 1948இல் வெளிவந்த அந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகொனிஸ், தயாரிப்புக்குச் சற்று முன்னர், கார் ஒடுக்கமாகத் தெரிகிறது என்று கருதி, மாதிரி வண்டியை நெடுக்காக இரண்டாக அறுப்பித்து நான்கு அங்குலம் அகட்டினார். அந்த நான்கு அங்குலத்தின் அடையாளமே பொனற்றிலுள்ள பட்டி. எமது அளவில் அது 4 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூட. அதைத் தேய்த்துவிட்டால் மைனரின் முகமே மாறிவிடும்.

இயந்திரப் பகுதியில்தான் அதிக நாள் சென்றது. இசிகொனிஸ் முதலில் வேறொரு அகன்ற இயந்திரத்தை மனத்தில் வைத்து வடிவமைத்தபடியால், மைனரின் பொனற்றைத் திறந்தால் இருமருங்கிலும் இடம் தாராளமாகக் கிடக்கும். அந்த இடம் எமது சாரதிகளுக்குத் தடைக்காலத்தில் பெரிதும் பயன்பட்டது. குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலில் காத்து வைத்த பெற்றோலைச் சில துளிகள் கார்பரேட்டருக்குள் விட்டுக் காரை எழுப்பி, இயந்திரம் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகையும் அந்த மணமும் எங்கள் தலைமுறைக்கு மறக்காது. அந்தப் போத்தலை, கிற்றின் பாகங்களைப் பிணைத்திருக்கும் சட்டத்தின் நிறமற்ற பிளாஸ்ரிக் துண்டை மெழுகுதிரிச் சுடருக்கு மேலே பிடித்து இளக்கி இழுத்து, நுனியை வெட்டிச் செய்தோம். அதிலிருந்து இறங்கும் குழாய், தொலைபேசி வயரின் உறை. அரிசியிலும் சற்றே பெரிய அந்தப் போத்தலின் அடியில் துளி மஞ்சள் வார்னிஷ் விட்டதும் அது பெற்றோலாகத் தெரிந்தது.

வைகாசிச் சந்திப்புக்கு, அக்காலத்தில் வாடகைக் கார் ஓட்டிய ஐயா ஒருவரை அழைத்து வந்திருந்தோம். அவர் நெடுநேரம் மாதிரியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பின்னர் இரண்டு கதவுகளுக்கும் இடையிலுள்ள தூணை நகத்தால் தொட்டு, “தம்பி, கை எங்கை?” என்று கேட்டார். திரும்பும் பக்கத்தைக் காட்டத் தூணிலிருந்து வெளியே எழும்பும் சிறு கையைத்தான் அவர் கேட்டார். மைனரில் 1961 வரை அந்தக் கை இருந்தது; அதன் பிறகே மின்னும் விளக்குகள் வந்தன. நாம் கட்டியது, 1956க்குப் பிந்திய, முன்கண்ணாடி ஒரே துண்டான மைனர் 1000. அவர் ஓட்டிய காரும் அதுவே. ஆகவே கையை வைத்தேயாக வேண்டும் என்று முடிவாயிற்று. இலக்கத் தகட்டையும் அதே கவனத்துடன் பார்க்க வேண்டியிருந்தது. சிங்கள ஸ்ரீ எழுத்துத் தகடு 1950களின் பிற்பகுதியில் வந்தது; அதை எதிர்த்து இங்கே நடந்த போராட்டம் சபையிலுள்ள மூத்தவர்களுக்குத் தெரியும். காரின் ஆண்டுக்குப் பொருந்தாத தகட்டை ஒட்டினால், எமது ஊரவர் எவரும் முதற்பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அன்று ஐயா சொன்ன கதைகளைக் கேட்க வந்தவர்கள் மிகச் சிலர் என்பதை வருத்தத்துடன் பதிவுசெய்கிறேன்.

இப்போது உடல், உட்புறம், இயந்திரம் யாவும் முடிந்துவிட்டன. பெயின்ற் மட்டுமே மிகுதி. அது தாமதித்ததற்கு நிர்வாக சபை பொறுப்பல்ல. வட்டத்தின் பொதுப் பணத்தில் வாங்கிய, பெயின்ற் தெளிக்கும் கொம்பிரசரும் எயர்பிரஷும் ஓர் அங்கத்தவரின் வீட்டுக்கு இரவலாகச் சென்று, பலமுறை கேட்டும், உரிய காலத்தில் திரும்பி வரவில்லை. யாழ்ப்பாணத்தில் பெயின்ற் அடிக்கத்தக்க காலம் எவ்வளவு குறுகியது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த இழப்பு விளங்கும். ஐப்பசி முதல் மார்கழி வரை ஈரக்காற்றில் லக்கர் பெயின்ற் வெண்மையாகப் பூத்துவிடும். தை மாதத்தில் காலைப் பனி. சித்திரை வெயிலில், தெளித்த துளி மேற்பரப்பைத் தொடுமுன்னரே காய்ந்து, தோடம்பழத் தோல் போல் புள்ளி புள்ளியாக நிற்கும். வைகாசியிலிருந்து சோளகக் காற்று புழுதியைக் கொண்டுவந்து கொட்டும். மாசியும் பங்குனியின் முற்பகுதியும், பனி விலகிய பின் வரும் முற்பகற் பொழுதுகளுமே எமக்கு வாய்த்தவை. இவ்வாண்டின் மாசி கொம்பிரசர் இல்லாமலே கழிந்தது.

வேலைமேசையில் அறிந்தவற்றுட் சிலவற்றை, சந்திப்புகளுக்கு வராதவர்களும் பயனடையும் பொருட்டு, இங்கே எழுதி வைக்கிறேன். ஈரமாகத் தேய்த்த உடலைக் கிணற்று நீரிற் கழுவி அப்படியே காயவிடக் கூடாது. எமது நிலத்தடி சுண்ணாம்புக் கல்; நீரில் கரைந்துள்ள சுண்ணாம்பு காய்ந்ததும் வெண்படலமாகப் படியும். அதன்மேல் அடித்த பெயின்ற் பின்னர் பொரிந்து கழலும். கடைசிக் கழுவலுக்கு, கார் பற்றரிக்கு விடும் வடித்த நீரைப் பயன்படுத்துங்கள். கராஜ்களில் ஒரு போத்தல் வாங்கினால் நெடுநாள் காணும். கண்ணாடிகளைச் சுப்பர் குளூவினால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெண்புகையாகப் படியும், பின்னர் அது போகாது. தச்சர் பயன்படுத்தும் வெள்ளைப் பசை தெளிவாகக் காயும், மிகுதியை ஈரத்துணியால் துடைக்கலாம். எனமல் பெயின்ற் அடித்ததன் மேல் லக்கர் அடித்தால் தோல் சுருங்குவது போல் சுருங்கும்; லக்கர் முதலில், எனமல் பிறகு. நுண்ணிய துறப்பணமும் எலிவால் அரமும் கொழும்பிலிருந்து வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். கஸ்தூரியார் வீதியைச் சுற்றி நகைத் தொழிலாளர் வாங்கும் இடங்களில் அவை கிடைக்கின்றன, தரமும் நன்று.

அங்கத்தவர் வருகை பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெயர்ப் பட்டியலில் இருப்போருள் அரைவாசிக்கும் குறைவானவர்களே சந்திப்புகளுக்கு வருகிறார்கள். வேலை, பிள்ளைகளின் படிப்பு, கோயில் என்று ஒவ்வொருவருக்கும் நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் 2022இல் ரூபாவின் பெறுமதி சரிந்த பின்னர், ஒரு கிற்றின் விலை பலரின் மாத வருமானத்தில் கணிசமான பங்காகிவிட்ட நிலையில், வாங்கிய பெட்டிகளைத் திறவாமல் அலுமாரிக்கு மேலே அடுக்கி வைப்பதைக் காண மனம் ஒப்பவில்லை. கொண்டுவாருங்கள், சேர்ந்து கட்டுவோம். கருவியும் பசையும் வட்டத்தில் இருக்கின்றன. தெரியாததைக் காட்டித் தர ஆள்களும் இருக்கிறார்கள்.

சந்தா நிலுவை இதனினும் கவலைக்குரியது. கனடாவிலும் லண்டனிலும் வாழும் முன்னாள் அங்கத்தவர்கள் தம் பங்கைத் தவறாமல் அனுப்புவதோடு, ஊருக்கு வருவோரின் பயணப் பெட்டியில் பிளாஸ்ரிக் தகடும் இலக்க ஒட்டுத்தாளும் சேர்த்து அனுப்புகிறார்கள். அவர்களில் ஒருவர் 1995 இடப்பெயர்வில் தாம் கட்டிய அத்தனை கார்களையும் வீட்டில் விட்டுப் போனவர். திரும்பி வந்தபோது ஒன்றும் இருக்கவில்லை. அப்படிப்பட்டவர் அவ்வளவு தூரத்திலிருந்து எமது மேசையை நினைத்திருக்கும்போது, ஊரில் இருந்துகொண்டே ஆண்டுக் கணக்கில் சந்தா செலுத்தாதவர்கள் இருப்பது எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது. பெயர்களைச் சபையில் வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க நான் வாசிக்கவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். பொதுவாகக் கூறுமிடத்து, வரவு சென்ற ஆண்டிலும் குறைவு, செலவு சற்றுக் கூட. வித்தியாசம் முன்னைய இருப்பிலிருந்து ஈடுசெய்யப்பட்டது. மொறிஸ் மைனர் வேலைக்கான பற்றுச்சீட்டுகள் கோப்பில் உள்ளன, எவரும் பார்வையிடலாம்.

மண்டபம் தந்த சனசமூக நிலையத்தாருக்கும், தேநீர் ஏற்பாட்டைக் கவனித்த அங்கத்தவர்களின் குடும்பத்தினருக்கும், கணக்காய்வாளருக்கும், தலைவர், பொருளாளர் உள்ளிட்ட நிர்வாக சபையினருக்கும் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். மர அச்சைச் செதுக்கித் தந்த அங்கத்தவர் கூலி எதுவும் பெறவில்லை என்பதைச் சிறப்பாகக் குறிப்பிட விரும்புகிறேன்.

எதிர்வரும் ஆண்டு பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்வதாயின், செயலாளர் பொறுப்பை ஏற்க இளையவர் எவரேனும் முன்வந்தால் மகிழ்ச்சியுடன் ஒப்படைப்பேன். எவரும் முன்வராவிடின், வட்டம் கலையாதிருக்கும் பொருட்டு நானே தொடர ஆயத்தமாக இருக்கிறேன். எவ்வாறாயினும் மைனரைப் பெயின்ற் அடித்து முடிக்கும் வரை வேலைமேசைப் பொறுப்பு என்னிடம் இருப்பதைச் சபை அனுமதிக்க வேண்டும். அடுத்து ஒஸ்ரின் ஏ40 ஒன்றைக் கட்டும் எண்ணம் உண்டு. கொட்டிலிலோ வளவிலோ அந்தக் காரை இன்னும் வைத்திருப்பவர்களை அறிந்த அங்கத்தவர்கள், அளவெடுக்க ஒரு முற்பகல் அனுமதி பெற்றுத் தந்தால் போதும்; ஒரு பாகத்தையும் கழற்றமாட்டோம். தகப்பனாரோ மாமாவோ அக்காலத்தில் கார் ஓட்டியிருந்தால், அவர்களை ஒருமுறை சந்திப்புக்கு அழைத்து வாருங்கள். வர இயலாத முதியவராயின், சொல்லுங்கள், நாமே மாதிரியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம்.

சந்தா நிலுவையைத் தைப்பொங்கலுக்கு முன்னர் பொருளாளரிடம் செலுத்தலாம். ஒரே தடவையில் இயலாதோர் இரண்டு தவணையாகச் செலுத்த நிர்வாக சபை இணங்கியுள்ளது. கொம்பிரசரும் எயர்பிரஷும் தை முடிவதற்குள் வட்டத்தின் அறைக்கு வந்து சேர்ந்தால், மாசியில் வேலையைத் தொடங்கலாம். அறையின் திறப்பு என்னிடமும் தலைவரிடமும் உண்டு.

இங்ஙனம்,
செயலாளர்