குழலிக்கு, மரவாடியிலிருந்து

அன்பு மகள் குழலிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நலம். உன் நலமறிய அவா. சாரல் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் தண்ணீர் அதிகம், நேற்று யாரையும் குளிக்க விடவில்லை. உன் புது முகவரியைத் தம்பி தந்தான். ஏன் வீடு மாறினாய் என்று நான் அவனிடமும் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிர் வருவதற்குள் நல்ல கம்பளிச் சட்டை ஒன்று வாங்கிக்கொள்.

ஐந்து மாதமாக 'நலம் அப்பா' என்று இரண்டே சொல் அனுப்புகிறாய். வேலை அதிகம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

அம்மா போன பிறகு மாலைப் பொழுது நகர மறுக்கிறது. நீ பரணில் வைத்துவிட்டுப் போன பெட்டியை இறக்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளைக்கு நான்கு பக்கம் என்று உன் புத்தகங்களைப் படிக்கிறேன். அமெரிக்காவில் காட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் எப்படி வந்தது என்பதுதான் எல்லாவற்றிலும் பேச்சு. பென்சிலில் நீ ஓரத்தில் எழுதியிருப்பதைப் பார்ப்பதற்காகவே சில பக்கங்களைத் திருப்பினேன். கையெழுத்து அப்படியே உன் அம்மாவுடையது.

முதலில் மனதில் நின்றவர் ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ். வெர்மாண்ட் மலைநாட்டில் பிறந்தவர். கண்ணெதிரே மலைகள் மொட்டையாவதையும், மண் கரைந்து ஆற்றோடு போவதையும் பார்த்து வளர்ந்தவர். பிறகு தூதராக மத்தியதரைக் கடல் நாடுகளில் வாழ்ந்தபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காட்டை இழந்து வறண்ட நிலங்களைப் பார்த்திருக்கிறார். இரண்டையும் சேர்த்து 1864இல் 'மனிதனும் இயற்கையும்' எழுதினார். அவர் ஆடு வளர்த்தவர், கம்பளி ஆலை நடத்தியவர், மரமும் விற்றவர். மரம் விற்றவர் என்ற வரியை நான் மூன்று முறை படித்தேன். நீ அதற்கு அடிக்கோடு போடவில்லை.

அதே 1864இல், ஜூன் 30 அன்று, உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, யோசெமிட்டிப் பள்ளத்தாக்கையும் மரிபோசா பெருமரத் தோப்பையும் காப்பதற்காக லிங்கன் கலிபோர்னியாவிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டார். நீ அம்மாவையும் என்னையும் அழைத்துப்போன அதே தோப்பு. அந்தப் பெரிய மரத்தடியில் நின்று நான் அண்ணாந்து பார்த்து, இத்தனை கன அடி தேறும் என்று வாய்விட்டுச் சொன்னேன். அம்மா என் கையைக் கிள்ளினாள். நீ எதுவும் சொல்லாமல் முன்னால் நடந்துபோனாய். இப்போதுதான் படிக்கிறேன்: அந்த இன மரம் வெட்டி விழுத்தும்போதே நொறுங்கிவிடுமாம். இரண்டாயிரம் வயது மரத்தைச் சாய்த்து வேலிக்கம்பும், திராட்சைக்கொடிக்கு ஊன்றுகோலும், கூரை ஓட்டுப் பலகையும் செய்திருக்கிறார்கள். நாற்பது ஆண்டு மரம் அறுத்தவன் சொல்கிறேன், வயிறு எரிகிறது.

அந்தப் பக்கத்து ஓரத்தில் நீ '1851' என்று மட்டும் எழுதியிருந்தாய். தேடிப் பார்த்தேன். அந்த ஆண்டில்தான் ஆயுதப் படை ஒன்று உள்ளே போய், தெனாயா என்ற தலைவரின் கீழ் வாழ்ந்த அவானீச்சி மக்களை அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து துரத்தியிருக்கிறது. ஆளை விரட்டிவிட்டு, பதின்மூன்று ஆண்டு கழித்து, மனிதக் கை படாத இடம் என்று அதைப் பாதுகாத்திருக்கிறார்கள். அன்று நீ ஏன் அவ்வளவு மௌனமாக நடந்தாய் என்று இப்போது கொஞ்சம் புரிகிறது. என் கன அடிக் கணக்கு மட்டும் காரணமில்லை என்று நினைத்துக்கொள்கிறேன். வேலை முடிந்து இருட்டியபின் மலைச் சாலையில் தனியாக வண்டி ஓட்டாதே. சாப்பிட்டாயா என்று கேட்க அங்கே யாராவது இருக்கிறார்களா?

கிஃபோர்ட் பின்ஷோவைப் பற்றி எழுத வேண்டும். 1905இல் அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட் காலத்தில் அமெரிக்க வனச் சேவைக்கு முதல் தலைவரானவர். அவர் தாத்தா பென்சில்வேனியாவில் மலைக்காட்டை வெட்டி விற்றுச் சொத்துச் சேர்த்தவர். அப்பா ஜேம்ஸ் வீட்டுச் சுவரில் அழகுக்கு ஒட்டும் தாள் வியாபாரத்தில் பெரும் பணம் பார்த்தவர். அந்த அப்பாதான் 1885இல், மகன் யேல் கல்லூரிக்குப் புறப்படும் முன், நீ வனவியல் படிக்கிறாயா என்று கேட்டிருக்கிறார். அந்த நாட்டில் அப்போது வனவியல் படித்த அமெரிக்கர் ஒருவர்கூட இல்லை. பின்னர் 1900இல் யேலில் வனவியல் பள்ளி தொடங்க அந்தக் குடும்பமே ஒன்றரை லட்சம் டாலர் கொடுத்தது. நானோ உன்னிடம் வங்கித் தேர்வு எழுது என்றேன். மேட்டுப்பாளையம் வனக் கல்லூரிக்கு நீ உன் அம்மாவின் துணையோடுதான் போனாய். இன்று ஊரில் யார் கேட்டாலும், என் மகள் கலிபோர்னியாவில் மரங்களுக்கு வைத்தியம் பார்க்கிறாள் என்று நான்தான் முந்திக்கொண்டு சொல்கிறேன்.

பின்ஷோ 1889இல் ஐரோப்பாவுக்குப் போய்க் கற்றபோது அவருக்கு வழிகாட்டியவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். பர்மாவில் தேக்குக் காடுகளை ஒழுங்குபடுத்தி, பிறகு இந்தியா முழுவதற்கும் வனத்துறைத் தலைவராக இருந்தவர். நம் சென்னை மாகாண வனச்சட்டம் 1882இல் உருவானபோது அதிலும் அவர் பங்கு உண்டு. அங்கே வனச் சேவை நடத்தியவருக்கும், இங்கே என் மரவாடிக்கு வரும் ஒவ்வொரு தடிக்கும் வனத்துறையின் அனுமதிப் பாஸும், தடியின் தலையில் அடிக்கும் சுத்தியல் முத்திரையும் கேட்ட சட்டத்துக்கும் ஒரே ஆசான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். இரண்டு நாள் திறக்கவில்லை.

குழலி, உனக்கு 11 வயது. இரவு பதினொரு மணிக்கு லாரி வந்தது. 14 தடி, ஈட்டி மரம். நீ தூக்கத்திலிருந்து எழுந்து வந்து, நான் உனக்கு விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தபடியே, டார்ச் அடித்து ஒவ்வொரு தடியின் தலையாகப் பார்த்தாய். "முத்திரை இல்லையே அப்பா" என்றாய். பட்டா நிலத்து மரம், போய்ப் படு என்றேன். மறுநாள் கணக்கப்பிள்ளை முன்னால் மறுபடி கேட்டாய். அறைந்தேன்.

அது பட்டா நிலத்து மரம் இல்லை. அதற்குப் பாஸும் இல்லை. கடன் கழுத்தை நெரித்தது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கடன் இருந்தது உண்மைதான். ஆனால் கடன் அடைந்த பிறகும் அந்த லாரி இன்னும் இரண்டு முறை வந்தது. அந்தப் பணத்தை உன் பெயரில் வங்கியில் போட்டேன். உன் முதல் இரண்டு ஆண்டுக் கல்லூரிக் கட்டணம் அதிலிருந்துதான் போனது. அம்மாவுக்குத் தெரியாது. அன்று நான் அறைந்த பிறகு நீ மரவாடிக்குள் கால் வைக்கவில்லை. வளர்ந்த பெண் அப்படித்தான் இருப்பாள் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

வேறு என்ன எழுத வந்தேன் என்று மறந்துவிட்டது. ஜான் மியூரைப் பற்றி. யோசெமிட்டி மலைகளைக் காக்க வேண்டும் என்று எழுதியவர். அவரும் பின்ஷோவும் முதலில் நண்பர்கள். பிறகு சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் தண்ணீருக்காக யோசெமிட்டியில் கட்ட நினைத்த ஹெட்ச் ஹெட்சி அணை விவகாரத்தில் எதிரெதிராக நின்றார்கள். 1913இல் அணைக்கு அனுமதி கிடைத்தது. நகரத்துக்குத் தண்ணீர் வேண்டாமா என்று நான் உன்னோடு வாதாடினேனே, அந்தப் பேச்சை இப்போது விட்டுவிடுகிறேன். எனக்கு மியூருடைய அப்பாவைப் பற்றித்தான் யோசனை. டேனியல் மியூர். ஸ்காட்லாந்திலிருந்து குடிபெயர்ந்து விஸ்கான்சினில் பண்ணை வைத்தவர். மணற்பாறையில் 90 அடிக் கிணற்றை அந்தப் பையன் தனியாக உளியால் குடைந்திருக்கிறான். விஷக்காற்றில் மயங்கி, உயிர் பிழைத்து மேலே வந்தவனை, ஓரிரு நாளில் மறுபடி அதே கிணற்றில் இறக்கினார் அப்பா. அவர் ஒரு நாளும் உள்ளே இறங்கவில்லை. 1874இல் மகன் மலைகளைப் பற்றி எழுதிவந்தபோது, எழுதியதை எரித்துவிடு என்று கடிதம் போட்டார்.

அப்படிப்பட்ட அப்பாவைப் பார்க்க வேண்டும் என்று 1885இல் ஒரு நாள் மியூருக்குத் திடீரென்று மனம் சொல்லியிருக்கிறது. எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே வைத்துவிட்டு ரயிலேறினார். கான்சாஸ் சிட்டியில் அப்பா உயிர் பிரியும்போது மகன் பக்கத்தில் இருந்தார். உன்னை வரச் சொல்லி இதை எழுதவில்லை. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. டிக்கெட் விலை எனக்குத் தெரியும். விடுமுறை கிடைப்பதும் கடினம்.

நீ தனியாக இருந்தாலும் சரி, யாரோடு இருந்தாலும் சரி, இந்த வீட்டில் உன்னிடம் யாரும் எதையும் கேட்க மாட்டார்கள். சித்தியிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். காலை ஐந்து மணிக்கே விழித்துவிடுகிறேன். ஆறு மணி என்றால் உனக்கு முந்தைய நாள் மாலை ஐந்தரை. போன் தலைமாட்டில்தான் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டுக் கூப்பிடு.

உன் அறைக்கு வெள்ளை அடித்தாயிற்று. நீ படித்த மேசையை வராந்தாவில் எடுத்துப் போட்டிருக்கிறேன். அது அந்த 14 தடியில் ஒன்று. உள்ளே வைக்கவும் மனமில்லை, விற்கவும் மனமில்லை. சாரல் அதன் மேல் படாமல் தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன். அதை என்ன செய்யலாம் என்று நீ சொல்.

அன்புடன்,
அப்பா