கன்னிக்கால் முள்முருக்கை வளவில் நடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் திருமணத்துக்குக் கன்னிக்கால் எனும் மங்கலக் கால் நட முள்முருக்கங்கொப்புத் தேடுவோர் இப்போது ஊர் ஊராக அலைய வேண்டியிருக்கிறது. உயிர்க்கொப்புகளை ஊன்றி வளர்த்த கதியால் வேலிகள் மதில்களாக மாறியபோது, வேலியோடு நின்ற இந்த மரமும் வளவுகளை விட்டுப் போய்விட்டது. அரிதாகக் கிடைக்கும் கொப்பையும் பூச்சாடியில் நட்டு, சடங்கு முடிந்ததும் குப்பையோடு எறிந்துவிடுகிறோம். ஊன்றினாலே வேர்விடும் கொப்பு அது. அதை வீட்டு வளவில் நட்டுத் தழைக்கவிடுவதே பழைய வழக்கம். அவ்வழக்கத்தை நாம் மீண்டும் கைக்கொள்ள வேண்டும்.

முள்ளுக்கு அஞ்சிப் பலர் பின்வாங்குகிறார்கள். இளங்கொப்புகளில் கறுத்த, கூம்பு வடிவான முட்கள் உண்டு என்பது உண்மைதான். ஆனால் மரம் முதிர முதிர அடித்தண்டில் அவை பெரும்பாலும் உதிர்ந்துவிடும். மாசி, பங்குனியில் இலையெல்லாம் கொட்டி வெறுங்கொப்பாக நிற்கும் மரத்தின் நுனிகளில் செந்நிறப் பூங்கொத்துகள் விரியும். ஒவ்வொரு பூவிலும் ஓர் இதழ் மட்டும் அகன்று நிமிர, கேசரங்கள் ஒரே கற்றையாக வெளியே நீண்டிருக்கும். அடியில் ஊறும் தேனுக்காக மைனாக்களும் காகங்களும் தேன்சிட்டுகளும் விடியற்காலையிலேயே வந்து கூடும். அவரைக் குடும்பத்து மரமாதலால் அதன் வேர்முடிச்சுகள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணில் சேர்க்கின்றன. நமது மணற்பாங்கான கரையோர நிலத்துக்கு இது பெரிய உதவி. குழை ஆட்டுக்கு ஆகும், தண்டில் வெற்றிலைக் கொடியும் படரும்.

கைப்பருமனான முதிர்ந்த கொப்பை ஐந்தாறு அடி நீளத்தில் வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை ஓரிரு நாள் நிழலில் சாத்திவைத்து, ஐப்பசியில் மாரி தொடங்கும்போது ஊன்றுவது நல்லது. தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்டால் அடி அழுகிவிடும். மென்மரமாதலால் வாடைக்காற்றில் கொப்பு முறியக்கூடும். எனவே கூரையையும் மின்கம்பியையும் விட்டுத் தள்ளியே நட வேண்டும். பூவை விரும்புவோர் ஆண்டுதோறும் கொப்புகளை மொட்டையாக வெட்டக் கூடாது. விதை நஞ்சுடையது என்பதால், சிறுபிள்ளைகள் உள்ள வீடுகளில் விழும் நெற்றுகளைப் பொறுக்கி அகற்றுவது அவசியம்.

கொப்பை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. 2004 இல் அறிவியலாளர் முதன்முதலாக விவரித்த, ஒன்றரை மில்லிமீற்றரளவேயான ஒரு குளவி, முருக்கின் தளிரிலும் இலைக்காம்பிலும் முட்டையிடுகிறது. புழுக்கள் உள்ளிருந்து வளர, அவ்விடங்கள் முடிச்சு முடிச்சாக வீங்கி, இலை சுருண்டு, நாளடைவில் மரமே பட்டுப்போகலாம். ஹவாய்த் தீவுகளில் 2005 இல் நுழைந்த இக்குளவி ஏராளமான மரங்களை அழித்த பின்னர், 2008 இல் அதைத் தின்னும் இன்னொரு குளவியை அங்கே விட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள். ஆகவே வீங்கிய தளிர் தெரியும் மரத்திலிருந்து எவரும் கொப்பெடுக்கக் கூடாது. அத்தகைய தளிர்களை வெட்டி உடனே எரித்துவிட வேண்டும்.

திருமண மண்டபம் வைத்திருக்கும் கோயில்கள் தத்தம் வளவில் நோயற்ற இரண்டொரு தாய்மரங்களை வளர்த்து, மணவீட்டாருக்குக் கொப்பு வழங்கலாம். வருகின்ற மாரிக்கு முன்னரே பிரதேச சபைகளும் கமநல சேவை நிலையங்களும் கதியால்களைச் சேகரித்து, வேண்டுவோருக்குக் கிடைக்கச் செய்யுமாறு தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
ஆரையம்பதி.